பஞ்சர் கடைக்குப் போன ஓடிபி

போன வருடம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரம். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிரவுசிங் சென்டரில் தொடங்கிய கதை இது. எனக்கு வீடு விழுப்புரத்தில், கடை திண்டிவனத்தில். பதினாறு வருடமாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட், பயோடேட்டா என்று எல்லா வேலையும் செய்வேன். யாருக்காவது ஃபாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால், "அந்த அக்கா கடைக்குப் போ" என்பார்கள். அது காதில் விழும்போதெல்லாம் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறும். மறைப்பானேன், இப்போதும் ஏறும்.

அன்றுவரை என் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி இருக்காது. நானே ஐந்து நிமிடத்தில் ஒன்று உருவாக்கிக் கொடுப்பேன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அவர்கள் பெயர், பக்கத்தில் 123. அடுத்து ஒரு போன் நம்பர் கேட்கும். ஒருவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். இன்னொருவர் போனில் சார்ஜ் இருக்காது. வேறொரு அம்மாவுக்கு எந்த நம்பர் தன்னுடையது என்றே தெரியாது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இதற்கெல்லாம் எங்கே நேரம்? கடை நம்பரையே போட்டுவிடுவேன். ஓடிபி என் கைக்கே வந்துவிடும், வேலை ஜல்தியாக முடிந்துவிடும். பெயர், மெயில், பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். மறந்துவிட்டவர்கள் திரும்பவும் என்னிடம்தானே வரவேண்டும் என்ற வியாபார புத்தியும் அதில் இருந்தது.

இதற்கிடையில், அன்றைக்கு இரண்டு வருடம் முன்பு, அந்த நம்பருக்குக் கடைக்குள் சிக்னல் சரியாக வரவில்லை. வேறு சிம் வாங்கினேன். பழையதற்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, போர்டில் புது நம்பரை எழுதியதோடு அதை மறந்தும் போனேன். கைவிட்ட நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். வருகிறவர்களுக்கு அதைப் பாடமே எடுத்திருக்கிறேன். என் நோட்டில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் பேருடைய மெயிலும் அந்த நம்பரோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

அன்று மதியம் இரண்டரை மணி இருக்கும். ஓமந்தூரிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். விவசாயக் குடும்பம். நர்சிங் படித்துவிட்டு, அரசு வேலைக்கு மூன்று வருடமாக விழுந்து விழுந்து படித்து, கடைசியில் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. சான்றிதழ்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஒரு சான்றிதழ் அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது. அதோடு, கேப்பைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது அவள் போன் கிணற்றில் விழுந்து, புது போன் வாங்கியிருந்தாள். அதில், முன்பு நான் உருவாக்கிக் கொடுத்த அவளுடைய மெயில் திறக்கவில்லை. தேர்வுத் தளத்தின் பாஸ்வேர்டும் நினைவில்லை.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிக்கினு இருக்கே? பத்து நிமிஷ வேலை. உக்காரு, டீ சொல்றேன்" என்றேன்.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றினேன். தேர்வுத் தளத்தில் பாஸ்வேர்டை மாற்றக் கேட்டால், அதற்கான லிங்க்கை மெயிலுக்கு அனுப்பியதாகச் சொன்னது. நோட்டைப் புரட்டினேன். அவள் பெயர், 123. போட்டேன். சரியான பாஸ்வேர்டுதான். ஆனால் மெயில் திறக்கவில்லை. யாரோ பலமுறை இந்தக் கணக்கில் நுழைய முயன்றிருக்கிறார்கள், ஆகவே பதிவு செய்த போனுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. கீழே அந்த போனின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன.

என்னுடைய பழைய நம்பர்.

அவளும் எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க போட்ட கடை நம்பர்தானேக்கா, அப்பாடா!" என்று நிம்மதியாக டீயை எடுத்துக் குடித்தாள். அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என் பழைய நம்பரையே கூப்பிட்டேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். காற்றடிக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல். "கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடை. வண்டி எங்க நிக்கிது?"

எனக்கு உயிர் வந்தது. மனுஷன் எடுத்துவிட்டார், அதுவும் பக்கத்து ஊர், இனி என்ன! "அண்ணா, நான் திண்டிவனத்துல பிரவுசிங் சென்டர்ல இருந்து பேசுறேன். உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "காலையில ஒருத்தன் இதையேதான் சொன்னான். அவனும் பிரவுசிங் சென்டராம். ஆம்பளைக் குரலுக்கு மசியலன்னு இப்ப பொம்பளைய வச்சுப் பேச வைக்கிறீங்களா?"

வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டேன். பதினாறு வருடக் கடை என்றேன். இந்த நம்பரே என்னுடையதுதான் என்றேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை என்றேன். கோபமாகவும் பேசினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "யக்கா, லாரிக்காரங்க என்கிட்ட ஸ்டெப்னி டயரை விட்டுட்டுப் போவாங்க. யாரு விட்டாங்களோ அவங்க நேர்ல வந்தாத்தான் குடுப்பேன். அவங்க அனுப்புனாங்க, இவங்க அனுப்புனாங்கன்னு யாரு வந்தாலும் குடுக்க மாட்டேன். இதுவும் அப்படித்தான். யாருதோ அவங்களை வரச் சொல்லு."

அதற்குள் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அந்தப் பெண், என் கையிலிருந்து போனை வாங்கினாள். பேச வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் குரலைத் தணித்து, "அழுவாத பாப்பா. நேர்ல வா. கடை தொறந்துதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஞ்சர் ஒட்டுகிற ஆளுக்கு இவ்வளவு திமிரா என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவள் ஓட்டிய ஓட்டில் நான் வேண்டாத தெய்வமில்லை. நடுநடுவே அந்த ஆளை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரக் கம்பத்தில் ஒரு பழைய டயர் தொங்கியது. அதில் மஞ்சள் பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதி, கீழே ஒரு நம்பர். என் பழைய நம்பர்! தினமும் இரண்டு வேளை பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்த டயரைத் தாண்டித்தான் நான் போய் வருகிறேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை கிரீஸ் கறுப்பு. ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நிமிஷம்" என்றார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கடிகாரத்தை இருபது தடவை பார்த்திருப்பேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், முதலில் அவளுடைய ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். அவளை ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வண்டி நம்பர் தெரியும்படி தன் போனில் ஒரு படம் எடுத்தார். ஸ்டெப்னி விடுகிறவர்களையும் அப்படித்தான் எடுத்து வைப்பாராம், நாளைக்கு ஆள் மாறி வந்து டயரைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று. பிறகு அவளுடைய புது போனிலிருந்து திரும்ப ஒருமுறை குறியீடு அனுப்பச் சொன்னார். அவள் அழுத்திய அதே நொடியில் அவர் போன் கூவியது.

நான் ஆவலாகக் கையை நீட்டினேன். அவர் போனைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்க இல்லக்கா. பாப்பாவோடது பாப்பாதான் பாக்கணும். நீங்க கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிங்க."

திரும்பினேன். வேறென்ன செய்வது? பதினாறு வருட அனுபவமுள்ள நான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, போகிற பஸ்களை எண்ணியபடி நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றேன். ஒரு பஸ்ஸிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

"தொறந்துடுச்சுக்கா!" என்று அவள் கத்தினாள்.

அதற்கு மேல் என் ராஜ்ஜியம். டயர் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து, என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். லிங்க்கைத் திறந்து புது பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தோம். சான்றிதழ் படம் அளவில் பெரிதாக இருக்கிறது என்று தளம் முரண்டு பிடித்தது. சுருக்கினேன். எழுத்து மங்கலாக இருக்கிறது என்றது. கொஞ்சம் குறைவாகச் சுருக்கித் திரும்ப ஏற்றினேன். கடைசி நாள் கூட்டத்தில் தளம் திணறியது. சக்கரம் மாதிரி ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலே முக்காலுக்கு 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "முடிஞ்சிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பஞ்சர் கடைக்காரர் மூன்று பேருக்கும் டீ வாங்கி வரச் செய்தார். ஒத்திகை பார்த்துவைத்த திட்டு எதுவும் இப்போது என் வாயில் வரவில்லை. "காலையில ஒருத்தன் பேசினான்னு சொன்னீங்களே, யாரு அது?" என்று கேட்டேன்.

அவர் போனைத் திறந்து, எண்கள் தெரியாதபடி தள்ளிப் பிடித்துக் காட்டினார். ஓடிபி, ஓடிபி, ஓடிபி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் இந்த சிம் வாங்கினாராம். விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம்வரை அத்தனை டயரிலும் நம்பரை எழுதி மாட்டிய பிறகுதான் இந்தப் பேஜாரு ஆரம்பித்திருக்கிறது. நம்பரை மாற்றினால் எல்லா டயரையும் மாற்ற வேண்டும். எந்த நேரமும் யாராவது டயர் வெடித்து நிற்பார்கள் என்பதால் எந்த அழைப்பையும் எடுக்காமலும் இருக்க முடியாது. நான்கைந்து மாதமாகத்தான் ஆட்கள் பேச ஆரம்பித்தார்களாம். ஒருவன் பேங்க் என்பான், ஒருவன் கம்பெனி என்பான், ஒருவன் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டுவான். வருகிற எண்களைத் தினமும் சொன்னால் போதும், மாதாமாதம் கவனித்துக்கொள்கிறோம் என்றுகூட ஒருவன் ஆசை காட்டியிருக்கிறான்.

"ஒரு தடவைகூடச் சொல்லலையா?" என்றேன்.

"யாருதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா என்னுது இல்லன்னு தெரியும் இல்ல?"

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அந்தத் திருடர்கள் கையில் பாஸ்வேர்டு ஏற்கெனவே இருந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் 123 போட்டுப் பார்க்க ஒரு திருடனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் மாட்டிய பூட்டு எல்லாம் திறந்தே கிடந்திருக்கிறது. அந்தக் கணக்குகளுக்குள் அவர்கள் நுழையாமல் தடுத்தது, முகம் தெரியாதவர்களுக்காக இந்த மனிதர் தினமும் சொல்லிக்கொண்டிருந்த 'மாட்டேன்' மட்டும்தான்.

உண்மையைச் சொன்னேன். இதெல்லாம் நான் செய்த வேலை, இன்னும் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றேன். நன்றாகத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போ எல்லாரும் வரணும் இல்ல? ஞாயித்துக்கிழமையில வரச் சொல்லுங்க. லாரி கம்மியா இருக்கும்" என்றார்.

மறுநாள் கடையைத் திறக்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் சைபர் குற்றப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் அதிகாரி, "நீங்க புகார் குடுக்க வந்தீங்களா, ஒத்துக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான் மேடம்" என்றேன். நோட்டைப் புரட்டியவர் முதல் பக்கத்து 123களைப் பார்த்துச் சிரித்தார். நாலாவது பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மெயில்களும் போன் நம்பரும் சேர்ந்து எங்கிருந்தோ கசிந்திருக்கும் என்றார். மிரட்டியவர்களின் எண்களைப் பஞ்சர் கடைக்காரரிடம் வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் அவரவர் நம்பர், யாராலும் ஊகிக்க முடியாத தனித்தனி பாஸ்வேர்டு, அதற்கு மேல் இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு, இதெல்லாம் முடியும்வரை நீங்கள் ஓயக் கூடாது என்றார். எனக்கும் ஓய்கிற எண்ணம் இல்லை. செய்தது நான், சரிசெய்வதும் நான்தான் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

பழைய விண்ணப்பங்களில் இருந்த முகவரிகளைத் தேடி எடுத்து ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை. கூட்டேரிப்பட்டு பஞ்சர் கடையில் முகாம். நான் டயர் அடுக்கில் லேப்டாப்போடு, அவர் ஸ்டூலில் போனோடு, எதிரே வரிசையில் ஜனங்கள். திருவாமாத்தூரிலிருந்து வந்த ஒரு விவசாயி தனக்கு ஒரு மெயில் இருப்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டார். தன் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வேகவைத்து எல்லோருக்கும் கொண்டுவந்தார் ஒருவர். படித்த ஆள் ஒருவர் அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மெயில் அவர் கணவருடையது, கணவர் துபாயில். வீடியோ காலில் காட்டினார். நம் பஞ்சர் கடைக்காரர் லேசில் விடுவாரா? போனை வாங்கி அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு உங்க வூட்டுக்காரர்தானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"இருபது வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன், இதுல புதுசா இன்னா பாக்கச் சொல்றீங்க?" என்று அந்த அம்மா கேட்க, துபாயிலும் கூட்டேரிப்பட்டிலும் ஒரே சமயத்தில் சிரிப்பு வெடித்தது.

வந்தவர்களை எல்லாம் வண்டியோடு படம் எடுத்தார். பஸ்ஸில் வந்தவர்களை ஒரு லாரி டயரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி எடுத்தார். ஒன்பது பேரை மட்டும் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவர்களுக்கு வரும் குறியீடுகள் இன்னும் அவர் போனில்தான் இருக்கின்றன. அந்த ஒன்பது பேரை நினைத்தால் மனசு உறுத்தும். ஆனால் அவை அவரிடம் இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லை. கடைசி ஞாயிறன்று என் நீள நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து, ட்யூபை அமுக்கி ஓட்டை பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் கூழாக்கினோம்.

இப்போது என் கடையில் யாருக்கு மெயில் உருவாக்கினாலும் அவர்கள் நம்பர்தான். போன் கொண்டுவராவிட்டால் வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்லிவிடுவேன். சிம் மாற்றப் போகிறேன் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூட, பழைய நம்பரை எங்கெங்கே கொடுத்தாய் என்று பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுக்கவைத்த பிறகுதான் அனுப்புகிறேன். முன்பைவிட நேரம் ஆகிறது. கூட்டமும் குறையவில்லை, என் தலைக்கனமும் குறையவில்லை.

அந்த ஓமந்தூர்ப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. விழுப்புரம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். போன மாதம் ஏதோ ஒரு விண்ணப்பம் போட யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். மெயிலைத் திறக்கும் இடம் வந்ததும், பழைய பழக்கத்தில் கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, "பாஸ்வேர்டு சொல்லும்மா" என்றேன்.

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா. கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிங்க" என்றாள் சிரித்துக்கொண்டே.

ஒரு நொடி சுருக்கென்றது. அடுத்த நொடி, இந்தக் கடை வைத்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் முதுகைக் காட்டி நின்றதில்லை. என்னை நம்பித் தங்கள் கணக்குகளை ஒப்படைத்த அத்தனை பேரையும் காப்பாற்றியது, நான் எவ்வளவு கெஞ்சியும் என்னை நம்ப மறுத்த ஒரே ஒரு மனிதர்தான் என்பதை, ஒவ்வொரு முறை கீபோர்டை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதும் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.